ஏற்றத்தில் நின்ற ரயில்

அன்புள்ள நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? இங்கே நான் நலம்; கையில்தான் கொஞ்சம் காய்ப்பு.

நேற்று முதன்முறையாக நீராவி இன்ஜினுக்கு நானே தனியாகக் கரி போட்டேன். ஏற்றம் வருகிறதே என்ற பதற்றத்தில் அள்ளி அள்ளிக் கொட்டியதில் நெருப்பு அமுங்கி, நம் குட்டி ரயில் மலை நடுவே நின்றுவிட்டது. என் வேலைக்குச் சங்குதான் என்று நினைத்தேன். பயணிகளோ, படம் எடுக்கத்தான் நிறுத்தியிருக்கிறோம் என்று இறங்கி, பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைதட்டினார்கள்! நெருப்பைக் கிளறிக் கிளப்ப அரைமணி ஆனது. டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார்.

"நல்ல இடமாப் பார்த்துத்தான்யா நிறுத்தியிருக்கே. நாளைக்கும் நீயே வா."

இன்ஜினின் பித்தளையைத் துடைக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. விசில் கேட்கிறது, ஓடுகிறேன்.

உன்னவன்

பி.கு.: புடவையைத் துவைக்க வேண்டாம். எப்படியும் கரியாகத்தானே போகிறது.