அலமாரிக்கு விரித்த நிலநடுக்கத் தாள்

சமையலறை அலமாரியைத் துடைக்க இன்று டப்பாக்களை இறக்கினேன். அடியில் விரித்திருந்த தாள் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் கறைக்கு நடுவே உங்கள் நிலநடுக்கக் கோடுகள். பூமி அதிர்வைப் பதிவு செய்கிற உங்கள் ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிய தாள். வீணாகப் போவானேன் என்று நான்தான் கேட்டு வாங்கி விரித்தேன்.

மலைமேல் காந்தலில் இருந்த நம் வீட்டு ஜன்னலில் பனிமூட்டம் வெள்ளையாக நிற்கும்போது, இப்படி இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்துப் பிடிப்பீர்கள். "அம்மா, இங்க பாரு, அப்பா எக்ஸ்ரே பாக்கற டாக்டராயிட்டாரு! மலைக்கு எந்த எலும்புங்கப்பா முறிஞ்சுது?" என்பாள் நம் ஒரே மகள் ரூபி. நீங்களும் சிரிப்பீர்கள்.

"ஏனுங்க, பூமி ஆடி முடிச்சிருச்சே, இன்னும் என்னத்தைப் பாக்கறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பெருசா ஆடுனதை எல்லாரும் பாப்பாங்க ரூபிம்மா. நான் பாக்கறது சின்னதை."

ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருகிற சின்ன அதிர்வுகள். ஒன்று பெரிய நிலநடுக்கத்துக்கு முன்னால் பதிவானது, மற்றது அதற்குப் பின்னால். தொடக்கத்தில் இரண்டு கோடும் ஒட்டிப் போயின. வால் பக்கம் வர வர, பின்னால் பதிவானது மயிரிழை பின்தங்கியது. "அதே இடத்துல கிளம்பி அதே வழியிலதான் வருது. வழியில பாறை உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கு. அதான் லேட்டு. மெள்ள மெள்ளச் சேர்ந்துக்கும்" என்றீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அது புரிந்தது. பிறகு நீங்கள் இல்லாதபோது நானே தாள்களை வைத்துப் பார்த்துப் பழகினேன்.

ரூபி காய்ச்சலில் போனாள். அடக்கம் முடிந்த வாரமே நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்பினீர்கள். அவள் பேரை வீட்டில் எடுக்கவே இல்லை. ரூபிம்மா என்று கூப்பிடுவதும் நின்று, நான் வெறும் "இந்தாம்மா" ஆனேன்.

சாயங்கால ஜெபம் மட்டும் நிற்கவில்லை. அதே பாய், அதே வார்த்தைகள். ஆண்டவருடைய சித்தம் நடக்கட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் நாக்கு நின்றுவிடும். நான் அதைத் தாண்டுவதற்குள் நீங்கள் ஆமென் சொல்லி எழுந்துவிடுவீர்கள். தினமும் அதே இடத்தில்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "முந்தி நான் ஜெபம் பண்ணுனதையும் இப்பப் பண்றதையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுப் பாத்தீங்களா?"

"ஜெபத்துல என்னம்மா பாக்கறது? சோத்தைப் போடு, ஆறுது."

போட்டேன். பாறைக்குள் மயிரிழையைக் கண்டுபிடித்தவருக்குப் அதே பாயில் பக்கத்தில் இருந்தவளைத் தெரியவில்லை. உங்கள் அடக்கத்தன்று போதகர் சொன்னார், உங்களுக்கும் வலித்திருக்கும், வெளியே காட்டாத மனுஷர் என்று. இருக்கலாம். என்னிடமாவது காட்டியிருக்கலாம்.

தாளைத் துடைத்து மறுபடி விரித்துவிட்டேன், கோடுகள் கீழ்ப்பக்கமாக.

இப்போது தனியாக ஜெபிக்கிறேன். அந்த இடம் வந்ததும் இன்றும் நிற்கிறேன். முந்திக்கொண்டு ஆமென் சொல்ல யாரும் இல்லாததால், ரூபி என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பிறகுதான் அந்த வரி வருகிறது. உங்கள் பேரையும் அங்கே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். இன்னும் வாய் வரவில்லை.