பவுனம்மாள் உட்காராத நாற்காலி

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முகுந்தனுக்கு,

மெல்பர்ன் குளிரில் நீயும் உஷாராணியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம்தான், அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் கடை டீ, அந்தத் தே தாரிக்கை விடமாட்டேன் என்கிறார். உஷா கேட்ட மிளகாய்த்தூளை அரைத்து வைத்துவிட்டேன், உன் அத்தை மகள் குமுதா அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தாலே நீ ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுகிறாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து நீ போட்ட வீடியோவைப் பற்றித்தான். போர்ட் கிள்ளானில் நம் பக்கத்து வீட்டில் இருந்த பவுனம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் மகள் அமுதவள்ளிதான் அந்த நாற்காலியைக் கலைப்படைப்பாகச் செய்து வைத்தவள் என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கண்காட்சி, அவசியம் வரணும் என்று பவுனம்மாள் கூப்பிட்டதால்தான் போனேன். காலி அறை, நடுவில் ஒரு நாற்காலி, உட்காரலாம் என்று வாசலில் எழுதியிருந்தது. நான் உட்காரவில்லை. கொம்யூட்டர் ரயிலுக்கு நேரமாகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்து அந்தப் படத்தோடு, "நம்ம வீட்டுப் பின்னால கெடக்குற நாற்காலி மாதிரியே இருக்குதுடா, இதுக்குப் பேரு கலையாம் லா" என்று சிரித்துப் பேசி உனக்கு அனுப்பினேன். நீ அந்தக் குரலை அப்படியே எடுத்து, எங்கம்மாவே சொல்றாங்க கேளுங்க என்று போட்டுவிட்டாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். காலை ரேடியோவில்கூட அதைப் போட்டுச் சிரித்தார்கள். அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் பவுனம்மாள் எடுக்கவில்லை. பாசாரில் மீன் கடையில் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "ஒங் கொரலு எனக்குத் தெரியாதா சீதா?" என்றாள், அவ்வளவுதான். மீன்காரர் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, வாங்கிய மீனையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தனியாக பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். தரைக்கடியில் என்ன வைத்திருக்கிறாளோ, கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே அதிர ஆரம்பித்தது, தூரத்தில் கண்டெய்னர் லோரி வருகிற மாதிரி. அதிர்வு கிட்டே வந்து முதுகு வரைக்கும் ஏறியது. பிறகு வாசலில் நிற்கப்போகிற மாதிரி மெதுவானது. நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. பவுனம்மாளின் புருஷன் தம்புசாமி அண்ணன் லோரி ஓட்டிப் போய் விபத்தில் இறந்த பிறகும், அவள் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளே, நாமும் தினமும் பார்த்துவிட்டுத்தானே போவோம். இது எந்தப் படத்தில் தெரியும், சொல். என்னை அறியாமல் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த பிள்ளைகள் கும்பலாக நிற்கிறார்கள். "ஆன்டி, கொஞ்சம் எழுந்திரிங்க, அந்த வைரல் சேர்ல நாங்க வீடியோ எடுக்கணும்" என்றான் ஒருவன். உட்காருங்கள், பேசாமல் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்துவிட்டேன் முகுந்தா. அவர்களை அங்கே அனுப்பியதே நாம்தானே. ஒருவன் நாற்காலியில் தூங்குகிற மாதிரி நடித்தான், இன்னொருவன் மேலே ஏறிக் குதித்தான், நாற்காலியின் கால் முறிந்துவிட்டது. அதையும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

அமுதவள்ளி ஓடி வந்து முறிந்த காலைக் கையில் எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பேப்பர்லேருந்து மூணு பேரு வந்தாங்க ஆன்டி, எல்லாரும் கேலி பண்றாங்களே எப்படி ஃபீல் பண்றீங்கன்னுதான் கேட்டாங்க. ஒருத்தரும் உக்காரல" என்றாள். அம்மா என்னம்மா சொன்னாள் என்று கேட்டேன். பவுனம்மாளும் உட்காரவில்லையாம். "நான் எதுக்கு உக்காரணும், எனக்குத் தெரியாததா" என்றாளாம்.

நாற்காலி உடைந்ததை மட்டும் நேற்று உனக்கு மெசேஜ் போட்டேன். உடனே, சாரி கேட்டு ஒரு வீடியோ போட்டுடறேன்மா, நீங்களும் அழுது ஒரு வார்த்தை பேசி அனுப்புங்க என்று பதில் போட்டாய். அதைப் படித்தபோது பாசாரில் பட்டதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன். உன்னை நினைத்து மட்டும் இல்லை, ஒரு நிமிஷம் நானும் என்ன பேசலாம் என்று யோசித்தேன். வேண்டாம்பா. பழைய வீடியோவை எடுத்துவிடு. புதிதாக எதையும் போடாதே. பவுனம்மாளுக்கு நீயே போன் செய், உன் நண்பர்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். எதையும் பதிவு செய்யாதே. அவள் திட்டினால் கேட்டுக்கொள், பேசாமல் இருந்தாலும் நீ வைத்துவிடாதே.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உஷாவுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நல்ல மனசோடு நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மறந்துவிடாதே, பவுனம்மாள் மத்தியானத்தில்தான் வீட்டில் இருப்பாள்.

உன் அம்மா,
சீதாலெட்சுமி