கோட்டுக்காரனுக்கு ஒரு பேஸ் டிராம்போன்

மார்ச் 3, செவ்வாய்

பழைய வாத்தியக் கடைக்காரர் இரண்டு பேஸ் டிராம்போன்களை, குழாயை நீட்டியும் இழுத்தும் ஊதும் பெரிய பித்தளை வாத்தியங்களை, எடுத்து வைத்தார். இரண்டும் என்னைவிட மூத்தவை. ஊதிப் பார்த்து எது தேறும் என்று சொல்வதுதான் இப்போது என் பிழைப்பு. ஒன்று நசுங்கி, நிறம் மங்கிப்போனது. ஆனால் அடி ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு வருகின்றன. மற்றது பளபளவென்று இருக்கிறது. கட்டைவிரலால் வால்வை அழுத்தினால் காற்று கசிகிறது. அடியில் இறங்கினால் ஸ்வரம் உடைகிறது. வால்வு தேய்ந்துவிட்டது.

தேறாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைக்காரர், வாங்க வருவது யார் என்று சொன்னார். கோட்டுக்காரன்.

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 4

கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன். நான் முன்பல் இரண்டு கட்டிக்கொண்டதும் இசைக்குழு நடத்துநரிடம் போய், "அவங்க உதடு போச்சு சார், மரியாதையா அனுப்பிடலாம்" என்று சொன்னவன். குழுவில் என் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அதில் உட்கார்ந்தவன். உதடு போச்சாம். உனக்கு என்னடா தெரியும் என் உதட்டைப் பத்தி? இத்தனை வருஷமா மனசுல வெச்சிருக்கேன் — விடுவேனா?

மார்ச் 9

பளபளப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கசிவை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. உதட்டைத் தளர்த்தி, நீட்டி இழுக்கும் குழாயான ஸ்லைடை வழக்கத்தைவிட ஒரு விரல் அகலம் கூடத் தள்ளி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல மெதுவாகக் காற்றை விட வேண்டும். நாள் முழுக்க அதே நாலைந்து ஸ்வரங்கள்தான். வீட்டுக்காரர் காதில் பஞ்சோடு எட்டிப் பார்த்தார்.

"பழிவாங்கறதுக்கு இவ்வளவு சாதகம் பண்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

மார்ச் 12

இன்று ஒருமுறைகூட உடையவில்லை.

மார்ச் 14, சனி

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வாங்க வருபவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், பளபளப்பில் கண் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக. குழுவின் பணத்தில் வாங்குவதால் அவன் நடத்துநரையும் அழைத்து வந்திருந்தான். இருவரும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். நசுங்கியதை ஏனோதானோவென்று ஊதினேன். பளபளப்புக்கு உயிரைக் கொடுத்தேன். முடித்தபோது நடத்துநர் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவன் ஊதினான். அடி ஸ்வரம் உடைந்தது. மறுபடியும் உடைந்தது. வால்வில் கோளாறா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் மறைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். எப்படிக் கேட்பான்? உதடு போனவள் இப்போதுதானே அதை ஊதிக் காட்டினாள்.

"கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்" என்று பெட்டியை மூடினான்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 11, சனி

அவர்கள் கச்சேரி. டிக்கெட் எடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோரும் நிறுத்திவிட, பேஸ் டிராம்போன் மட்டும் தனியாக அடிக்கு இறங்கும் இடம் — உடைந்தது. எருமை கத்தியது போல. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கமாக இருக்கிறதா? இல்லை. எழுதியே வைக்கிறேன், இல்லை.

ஏப்ரல் 20

நடத்துநர் வீடு தேடி வந்தார். அவன் விலகிவிட்டானாம். நாற்காலி இனி எனக்காம். அன்று சுவரைப் பார்த்துக் கேட்டபோதுதான் தன் தவறு புரிந்தது என்றார். என்னுடைய வாத்தியத்தைத் துடைத்துத் தயார் செய்கிறேன் என்றேன்.

"அது வேணாம். குழு வாங்கினதையே வாசிங்க. உங்க கையிலதான் அது பேசுது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வால்வு தேய்ந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பார்.

மே 6, புதன்

முதல் ஒத்திகை. உதட்டைத் தளர்த்தினேன், ஸ்லைடைக் கூடத் தள்ளினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்; கசிவுதான் முன்னைவிடக் கூடியிருந்தது. உடைந்தது. அத்தனை தலைகளும் திரும்பின. நடத்துநர் கைக்கோலைத் தாழ்த்தி, வாத்தியத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். "கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்."