வலப் பக்கம் நசுங்கிய ஹெல்மெட்

நேற்று உன் மனைவி உன் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். "ஊட்ல வெச்சிப் பாத்துக்கினே இருக்க முடியலண்ணா. நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றாள். உள்ளே வலது காதுப் பக்கத்துப் பஞ்சு மட்டும் நசுங்கிக் கிடக்கிறது. நீ போனைச் செருகிச் செருகி விழுந்த பள்ளம் அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எத்தனை வருடம் உன் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வந்திருப்பேன்! கம்பி லாரிகளை அனுப்பிவைக்கும் வேலை நமக்கு. விடிந்தால் போதும், டிரைவர்கள் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். நீ ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கத்திக்கொண்டே ஓட்டுவாய். ஒரு ஹெட்செட் வாங்கித் தொலை என்றால், "இதான்டா என் ஹெட்செட்டு" என்று மண்டையைத் தட்டிக் காட்டுவாய்.

அந்த மண்டைக்குள்தான் கட்டி வந்தது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மா வந்தார். செல்போன் கதிர்வீச்சுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். எந்தக் காதில் வைத்துப் பேசுவீர்கள் என்று கேட்டார். உனக்குக் கட்டி இடப் பக்கம். நீ கொஞ்சமும் யோசிக்காமல் "ரைட்டு" என்றாய்.

அவர் போனதும் உன்மேல் பாய்ந்தேன். "லெஃப்ட்டுன்னு சொன்னா இன்னாடா? உன்ன இப்டிப் படுக்க வெச்சத மாட்டி வுட வேணாவா?"

"எதுன்னு கண்டுபுடிக்கத்தான் வந்துகிறாங்க. அவங்ககிட்டயே பொய் சொன்னா அப்பறம் யாருக்குத்தான்டா தெரியும்?"

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. செல்போன் டவர்தான் உன்னைக் கொன்றது என்கிறது டீக்கடை. போனால் ஒன்றும் ஆகாது என்று இன்னொருத்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டே சொல்கிறான். நாம் தினமும் விழுங்கிய தொழிற்பேட்டைப் புகையைப் பற்றி ஒருத்தனும் வாய் திறப்பதில்லை. உன் மச்சான் உன் படத்தைப் போட்டு, இடது காதில் பேசிப் பேசியே போய்விட்டாய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறான். செத்தவன் வாயில் பொய்யைத் திணிக்க எவ்வளவு துணிச்சல்! ஆராய்ச்சிக்காரர்களோ உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். இன்னும் எத்தனை பேரை எரித்தால் உறுதியாகும்?

போன வாரம் அதே அம்மா என்னைத் தேடி வந்தார். நோய் வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில், அதே ஊரில், அதே வேலையில், நோய் மட்டும் வராத ஆள் வேண்டுமாம். உனக்கு ஜோடியாக என்னை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அவனே போய்ட்டான், இன்னும் இன்னாம்மா கேட்டுக்கினு கீறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போகவில்லை.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. நான் போனே பேசமாட்டேன் என்று சொன்னால் போதும். போன் பேசினவன் செத்தான், பேசாதவன் பிழைத்தான் என்று ஆகிவிடும். நீ விட்டுவிட்ட குற்றவாளியை நான் மாட்டிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவி, அந்த நேரம் பார்த்து, 'அப்பறம் யாருக்குத்தான்டா தெரியும்?' என்ற உன் கேள்வியும் கூடவே வந்தது.

"நாள் பூரா போன்தாம்மா. அவன மாதிரியேதான். ரைட்டு காது" என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார். உன்னை எது கொன்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டுவதற்குக்கூட ஒரு பெயர் இல்லாமல் செய்துவிட்டாயே!

இன்று காலை உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாலம் ஏறும்போது லாரி டிரைவர் கூப்பிட்டான். போனை உள்ளே செருகினேன். உன் பள்ளத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது.