பார்க்காமல் எழுதிய நான்கு வரிகள்

திருவண்ணாமலை,
13-3-1984, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வேதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று இதற்கு முன் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருந்திருக்கும். பத்து மாதத்துக்கு மேலாக அது பொய். இன்று அந்த வரியை எழுதவில்லை. பதறாதே. அம்மா உயிரோடு இருக்கிறாள், இப்போது சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஆனால் அவளுக்குக் காலில் சுளுக்கு என்று உனக்கு எழுதினேனே, அது சுளுக்கு அல்ல. சென்ற சித்திரா பௌர்ணமி அன்று கிரிவலம் போன இடத்தில் லாரி மோதி வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு உன்னைத் தாய் வீட்டுக்கு அழைத்து வராமல் போனது அதனால்தான். உன் மாமியார் நம்மைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதும், நீ வாய் திறக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு அப்போது ஐந்தாம் மாதம். சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாய் என்று பயந்தோம். குழந்தை பிறந்த பிறகு, பால் கொடுக்கிறவளைப் பயமுறுத்தாதீங்கன்னு அம்மா தடுத்துவிட்டாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை வேலூர் கோர்ட்டில் அது பற்றிய விசாரணை. அதற்கு முன் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று இன்லேண்டு போதாதென்று தாளும் உறையும் வாங்கி வந்திருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வழக்கமாகக் கூட நடக்கும் பக்கத்து வீட்டு திரௌபதி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அன்று அம்மா தனியாகப் புறப்பட்டாள். மாலை ஐந்தே முக்கால் மணிக்குச் செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், மலையை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாகத்தான் நடப்போம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று அதில் காலை வைக்க மாட்டோம். அப்படி இடது ஓரத்து மண்ணில் நடந்தவளைப் பின்னாலிருந்து வந்த லாரி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்குகிறேன் என்று தார் ரோட்டை விட்டு இறங்கி அடித்துத் தள்ளியிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான், அதே ஓரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அன்வர் பாஷா. அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஜட்கா வண்டியை நிறுத்தி, மூர்ச்சையாகிக் கிடந்தவளைத் தூக்கி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. லாரி டிரைவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஒரு பொம்பளை திடீரென்று ரோட்டைக் கடந்தாள், நான் பிரேக் போட்டும் முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முதலில் போய்ச் சொன்னவன் அவன், அதனால் முதல் தகவல் அறிக்கை அவன் வாய்ச்சொல்லாகவே பதிவாகிவிட்டது.

இனி என் பங்கு. அன்று பகல் முழுவதும் கோயிலில் பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றிப் பேப்பருக்குச் செய்தி சேகரித்துவிட்டு ஆறரை மணிக்கு வழக்கம்போல ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே புகார் எழுதும் ரைட்டர், செங்கம் ரோட்ல ஒரு லாரி கேஸ் இருக்குது சார், எழுதிக்கிறீங்களான்னு கேட்டு நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஏழு மணி வேலூர் பஸ்ஸில் செய்திக் கவரைக் கொடுத்தாக வேண்டும். அவர் மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினேன். அந்த நான்கு வரி இதுதான்: செங்கம் சாலையில் அலட்சியமாகக் குறுக்கே கடக்க முயன்ற சுமார் ஐம்பது வயதுப் பெண் மீது லாரி மோதியது. படுகாயமடைந்த அவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரது பெயர், விலாசம் தெரியவில்லை. போலீசார் விசாரிக்கின்றனர். கவரைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நினைவு திரும்பி அவள் பெயரும் தெருவும் சொல்லி, அன்வர் பாஷா என்னைத் தேடி வாசலில் நின்றிருந்தார். அவரோடு ஓடும்போதுகூட நான் எழுதிய வரிகள் எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில், என் செய்திகளில் எது வந்திருக்கிறது எது விட்டுப்போனது என்று தினமும் பார்க்கிற பழக்கத்தில் பேப்பரைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு வாரம் மறைத்தேன். பிறகு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் திட்டவில்லை. இருபத்தேழு வருஷமா உங்க பேனாவுல ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் ரோட்டைக் கடந்துட்டே இருந்தாங்க, மிச்சம் நான் ஒருத்தி இருந்தேன், நானும் கடந்துட்டேன்னு சொன்னாள். சித்தருங்க பக்கம் நான் எதுக்குக் காலை வெக்கப் போறேன், இந்த ஊர்க்காரருக்கு அது தெரிய வேணாமான்னு கேட்டாள். பௌர்ணமி மாலை, கிரிவலப் பாதை, நடந்து போன பெண், இத்தனையும் தெரிந்தும் கடந்தாள் என்று என் கை எழுதியிருக்கிறது. பெயர் தெரியவில்லை என்று எழுதினேனே தவிர, நான்கு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைக் கேட்கவில்லை.

எலும்பு சரியாகக் கூடவில்லை. வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் மெட்ராஸில் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் இடுப்பும் கெட்டுவிடும் என்கிறார் டாக்டர். அதற்கு வழி இந்த வழக்கு ஒன்றுதான். வக்கீல் சக்கரவர்த்தி வேலூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட்டாக வேண்டும், தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இத்தனை விபத்துச் செய்தி எழுதியும் அடிபட்டவர்கள் பிறகு எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை. விபத்து நடந்த ஐந்தாம் மாதமே மனு போட்டுவிட்டோம். நிரந்தர ஊனம் என்றால் யார் தவறு என்று பார்க்காமலே ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன் சட்டத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போய்வரவே சரியாக இருக்கும். முழு இழப்பீடு வேண்டுமானால் டிரைவர் மீது தவறு என்று நாம் நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் என் செய்தியைக் கத்தரித்துக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். எழுதியது மனுதாரரின் புருஷன் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். பேப்பர்ல வந்தது தனியா சாட்சியம் ஆகாதுங்க, எழுதினவர் வந்து சொன்னாத்தான் அதுக்கு உயிர், அதனால நீங்க சாட்சிக் கூண்டு பக்கமே வராதீங்க, அன்வர் பாஷா ஒருத்தர் போதும் என்றார் சக்கரவர்த்தி. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

போன ஞாயிறன்று அன்வர் பாஷா கடைக்குப் போய் வியாழக்கிழமை பஸ் நேரத்தைச் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தபடி, நீங்க மேல ஏறலையா சார் என்று கேட்டார். வக்கீல் வேண்டாம் என்கிறார் என்றேன். அப்ப நானும் வரல சார் என்றார். அவருடைய தம்பி ரியாசுதீன் பக்கத்தில்தான் ஒற்றைக் கையால் பம்பை அடித்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் வேங்கிக்கால் ஏரிக்கரைத் திருப்பத்தில் அவனை வேன் அடித்து இடது கை போனது. அந்தச் செய்தியும் நான்தான், அதே மேஜை ஓரத்தில், அதே அலட்சியமாக என்ற வார்த்தையோடு எழுதினேன். வேன்காரர்கள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பேப்பர்லயே போட்டுட்டான், இனி கோர்ட்டுக்குப் போனா உன் மேலதான் கேஸ் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் பயந்துபோய், வழக்கே போடாமல் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தில் எடையில்லாத என் பேப்பர் செய்தி அவர்கள் வீட்டில் அத்தனை எடையாக இருந்திருக்கிறது. அதை எழுதியவன் நான் என்று தெரிந்துமா அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள் என்று அன்வர் பாஷாவைக் கேட்டேன். அடிபட்டவங்களைத் தூக்கறப்ப யார் வீட்டுக்காரம்மானு பாத்தா தூக்குவாங்க சார் என்றார். பிறகு, நான் மட்டும் ஏறினா, பேப்பர்காரர் ஒண்ணு எழுதியிருக்காரு, சைக்கிள் கடைக்காரன் ஒண்ணு சொல்றான்னு என்னைத்தான் பொய்யனாக்குவாங்க, பாக்காம எழுதினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்புறம் நான் பாத்ததைச் சொல்றேன், ஜாஸ்தியும் வேணாம் கம்மியும் வேணாம் என்றார். ரியாசுதீன் பம்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

வேதா, உன் அப்பா இந்த வயதில் பயப்படுவதை நீ பார்த்ததில்லை. ஏறினால் அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இதைப் பார்க்காமல் எழுதினீர்கள் என்றால் வேறு எதையெல்லாம் பார்க்காமல் எழுதினீர்கள் என்று கேட்பார்கள். எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது. பத்திரிகை அலுவலகத்துக்கு இது தெரிந்த அன்றே இந்த வேலை போகலாம். அதற்கு மேலும் ஒன்று. லாரி முதலாளியின் ஆள் என்று நினைக்கிறேன், ஒருவன் வாரம் ஒரு தடவை நம் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறான். நேற்று என்னைப் பார்த்து, அம்மா நல்லா நடக்கிறாங்களா சார், வேலூர் தூரமாச்சே, ரோடெல்லாம் லாரிதான், பாத்துப் போங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதில் புகார் கொடுக்க ஒரு வார்த்தையும் இல்லை. அவன் போன பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு, போட்டேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் விட என் வாயைத்தான் எனக்குப் பயம். எதிராளி வக்கீல் இரண்டு அதட்டல் போட்டால், ரைட்டர் சொன்னதும் ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று வழவழவென்று ஏதாவது வந்துவிடுமோ என்று தோன்றுகிறது. அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒரு கீரைக்காம்பை உருவிப் போட்டாள். வேலை போனா போகட்டும், பக்கத்துல உக்காந்து கீரை ஆய ஆள் வேணும்தான் என்றாள். அப்புறம் குரல் மாறி, எனக்காக ஏற வேணாம், என் கால் இப்படியே இருந்துட்டுப் போகுது, அந்த ரியாசுதீன் பையன் முகத்துக்காக ஏறுங்க என்றாள். நேற்றே சக்கரவர்த்திக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை நான்தான் முதல் சாட்சி, அன்வர் பாஷா இரண்டாவது.

மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நேராது. நேர்ந்தால், ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒருவரும் ஸ்டேஷனுக்குப் போக இன்னொருவரும் அதே நிமிஷம் கிளம்ப வேண்டும். வண்டி நம்பரையும், பார்த்தவர் பேரையும் விலாசத்தையும் கையில் கிடைத்ததில் குறித்துக்கொள். புகாரை உங்கள் வாயால் சொல்லி, எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. இந்தி புரியாவிட்டால் புரிந்தவரை வைத்துக் கேட்டுக்கொள். டாக்டர் தரும் காயச் சான்றையும் மருந்துச் சீட்டையும் ஒன்று விடாமல் வைத்துக்கொள். நல்லவர் மாதிரிப் பேசிக்கொண்டு பழத்தட்டோடு வருகிறவர்கள் நீட்டும் தாள் எதிலும், எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, வக்கீலைக் கேட்காமல் கைவைக்காதே. ஆறு மாதக் கெடுவைச் சுவரில் எழுதி வை. இதைப் படித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறாதே. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் நானே எழுதுகிறேன், அப்போது வா, அம்மாவுக்குப் பேரனைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் வலியைவிடப் பெரிதாக இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வருகிற ஆள் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். குழந்தைக்கு எங்கள் முத்தம். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்: இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் கூண்டில் ஏறி இறங்கி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். என்ன சொன்னேன் என்று இப்போது எனக்கே தெரியாது. இதைக் கிழித்துவிடாதே, உறையையும் தூக்கிப் போடாதே, தபால் முத்திரையில் விசாரணைக்கு முந்தைய தேதி இருக்கும். அங்கே பயத்தில் நான் ஒரு வார்த்தை மாற்றிப் பேசிவிட்டேன் என்று கேள்விப்பட்டால், இரண்டையும் பதிவுத் தபாலில் வக்கீல் சக்கரவர்த்திக்கு அனுப்பு, என்னைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அருணகிரி.