மருமகள் நிறுத்திய ரேடார்கள்

வண்ணார்பேட்டை,
14.8.1996

அன்பு மருமகள் அனுராதாவுக்கு,

மாமா அம்பலவாணன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பும் மனசும் திடமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

குமரவேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். முன்கூட்டித் தகவல் இல்லை. கையில் ஒரு பை மட்டும். நீ பெங்களூரில் தனியாக இருப்பதை நினைத்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சீவலப்பேரிப் பக்கம் கார் நெல் முற்றிவிட்டதாம். இதையெல்லாம் சொல்லிக் கடிதத்தை நிரப்பிவிடலாம், ஆனால் விஷயம் அதுவல்ல.

நடந்ததை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொண்டேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். சிறு கப்பல்களுக்கு ரேடார் செய்வது அவன் பிரிவு. சோதித்து அனுப்புவது உன் பிரிவு. கடலில் தொலைவிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் போல மிக மெல்லிய சிக்னல் ஒன்றை, மைக்ரோவேவ் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ரேடாருக்குக் கொடுக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டால் ரேடார் தேறியது. அந்த ஜெனரேட்டரே தன் முள் காட்டும் அளவைவிடப் பலமாகக் கொடுக்கிறது என்று நீ கண்டுபிடித்தாய். அனுப்பிவிட்ட ரேடார்களையும் திருப்பி வாங்க வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தாய். அவன் பிரிவில் வேலை நின்றுவிட்டது. வரவிருந்த பதவி உயர்வும் தள்ளிப்போய்விட்டது. நீ அறிக்கையைத் திரும்பப் பெற்றால்தான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"ஜெனரேட்டர் மேல அளவு சரின்னு ஒட்டுன சோதனைச் சீட்டுக்கு இன்னும் தேதி முடியலப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா" என்றான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. கடைசி வரிசைப் பையனுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, வாத்தியார் மெதுவாக ஒரு சொல் சொல்கிறார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொல்லிவிட்டால், காது மந்தமான பிள்ளையும் அதைத் திருப்பிச் சொல்லிவிடும். நாமும் நல்ல காது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையிலேயே விட்டுவிடுவோம்.

இதைச் சொன்னபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. "லே, ஒங்கம்மை பைய பேசுதேன்னு சொல்லிட்டுப் பேசினா எதுவரைக்கும் கேக்கும்?" என்று கேட்டேன்.

"டவுனத் தாண்டிப் பேட்டை வரைக்கும் கேக்கும்" என்றான். வந்த பிறகு அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான். உடனே அடுக்களையிலிருந்து உன் அத்தை, "நான் எப்பவும் பையத்தான் பேசுதேன்" என்றது தெருக்கோடி வரை போயிருக்கும்.

"ஒங்கம்மைக்கும் தேதி முடியாத சீட்டு ஒண்ணு ஒட்டிருவோமா?" என்றேன்.

பிறகு தூத்துக்குடிக்கு வெளியே மழை மூட்டத்தில் நிற்கும் ஒரு வள்ளத்தைப் பற்றிப் பேசினேன். மரத்தில் செய்த சின்ன வள்ளம் திருப்பி அனுப்பும் எதிரொலி மெலிந்ததுதான். குறையுள்ள ரேடாரை வைத்திருக்கும் கப்பல்காரனுக்கு அது தெரியாது. தெரியவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. உன் அறிக்கையில் வெறும் எண்கள்தான் இருக்கும். எனக்கு அந்த எண்களுக்குப் பின்னால் வள்ளத்தில் நிற்கும் ஆள் தெரிகிறான்.

நேற்று மளிகைக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்கார அசன் மைதீன், "மவன் மட்டும் வந்திருக்காக போல. மருமவ வரலியா சார்வாள்?" என்று கேட்டார். "அவ சரின்னு சொன்னாத்தான் கப்பல்ல ரேடார் ஏறும். அவளுக்கு எங்க வே லீவு?" என்றேன். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமரவேலும் பார்த்தான். அவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

ஆகவே அறிக்கையைத் திரும்பப் பெறாதே, அம்மா. புருஷன் கோபித்துக்கொண்டான், மாமனார் வீட்டில் வருத்தப்படுவார்கள் என்று அதில் ஒரு எண்ணைக்கூட மாற்றாதே. இந்த வீட்டுக்கு நீ வந்தபோது படித்த பெண் வருகிறாள் என்று பெருமைப்பட்டேன். இப்போது உன்னை நினைத்தால் படிப்பு என் ஞாபகத்துக்கே வருவதில்லை, உன் நேர்மைதான் வருகிறது.

அவனும் மோசமான பிள்ளை இல்லை. தான் ஆசையாகச் செய்ததில் பழுது இருக்கிறது என்று கேட்க எவனுக்கும் கசக்கும். அதைத் தன் வீட்டிலிருந்தே கேட்டது இன்னும் கொஞ்சம் கசந்திருக்கும். அவனுக்காக நான் இதற்குமேல் பரிந்து பேசப் போவதில்லை.

இன்று காலையில் ஆற்றில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்காமலே, "அவ எந்த மீட்டர வச்சுப் பாத்தான்னு தெரியலியேப்பா. வேற ஜெனரேட்டர மாட்டியும் பாத்தாளா என்னமோ" என்றான். வந்த நாளிலிருந்து உன் கண்டுபிடிப்பைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ எந்நாளும் தலை நிமிர்ந்து நடக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் கேட்டதற்குப் பதில் எழுது. எந்த மீட்டர், எந்த ஜெனரேட்டர், எத்தனை தடவை பார்த்தாய், எல்லாம் விவரமாக எழுது. எனக்கு எழுத வேண்டாம் அம்மா. உறையின்மேல் அவன் பெயரையே எழுது.

உன் மாமா,
அம்பலவாணன்