பேனா நிற்கும் பிஸ்டன்

தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. லேத்துப் பட்டறைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது.

பத்து மணிக்கு உதிரிபாகக் கடைக்காரர் நம் பழைய டிராக்டருக்குப் புது பிஸ்டன் கொண்டுவருவார். வாங்காதே. போன் போட்டேன், எடுக்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார். வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரிய நாற்பது ஓவர்சைஸ்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பு.

"பழச ஒரு தடவ பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க" என்று நீ சொன்னாய். "எல்லாம் டிராக்டர் புத்தகத்துல இருக்கு, நீ வேற" என்று எரிந்து விழுந்தேன். மூன்று நாளாகப் பேச்சில்லை.

இதை எழுதப் பேனா எடுத்தேன். டிராக்டரிலிருந்து கழற்றியதை நீ பேனா போட்டுவைக்கத் தலைகீழாக நிறுத்தினாயே, அந்தப் பழைய பிஸ்டன் சாய்ந்துவிட்டது. அதன் தலையில் 40 என்று அடித்திருக்கிறது. எந்தக் காலத்திலோ சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். புத்தகத்து அளவில் போட்டிருந்தால் உள்ளே லொடலொடவென்று ஆடியிருக்கும்.

மேசையில் எதற்கு இந்தக் குப்பை என்று திட்டினேனே, அது அங்கேயே இருக்கட்டும்.

கேட் சாவி ஜன்னலில்.

பி.கு.: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கடைக்காரர் கேட்பார். நீ சொன்னதையும் நான் கேட்காததையும் சேர்த்தே சொல். அவர் காதில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும்.